கைப்பழக்கம் வேண்டும் சாஸ்திரம்

போளூரில் நெசவாளர் தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது: தகப்பனார் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நிற்கும் பையன் அறுந்த பட்டிழையை முடிச்சு வெளியே தெரியாதபடி திரித்து இணைக்க முயன்று, பல முறை தவறி, பிறகு ஒரு நாள் கை படிந்து நிற்பான். பாழான பட்டுக்குக் கணக்குப் பார்த்திருந்தால் அவன் தொழில் கற்றிருக்க மாட்டான். பேரழுத்தத்தில் படிகங்களையும் கனிமங்களையும் ஆராயும் சாஸ்திரமும் அத்தகையதே என்பதும், அதை இளைஞர்களுக்குப் பயிற்றும் முறையை நாம் இன்னும் சரிவர அமைக்கவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

அந்தச் சாஸ்திரத்தின் பிரதான கருவி உள்ளங்கையில் அடங்குவது. முனை மழுக்கிய இரண்டு வைரங்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவே ஓர் உலோகத் தகடு வைத்து, அதில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள துளையிட்டு, அதற்குள் கனிமத் துகளையும், அழுத்தத்தை அளந்து காட்டும் மாணிக்கத் துணுக்கையும், ஆல்கஹால் கலவையையும் நிரப்பித் திருகாணிகளை மெல்ல முறுக்கினால், பூமியின் ஆழத்தில் பாறைகள் தாங்கும் லட்சக்கணக்கான வாயுமண்டல அழுத்தம் அந்தத் துளைக்குள்ளே உண்டாகிறது. வைரத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அணுக்கள் எவ்வாறு இடம் மாறி அடுக்கிக்கொள்கின்றன என்று காணலாம். வைரங்கள் இம்மியளவு சாய்ந்தாலும் நொறுங்கிப்போகும். எங்கே நிறுத்துவது என்பது முறுக்குகிற விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற அய்யாசாமி ஜெயராமன், பெங்களூரில் சர் சி. வி. ராமன் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் பக்கத்திலேயே இருந்து, லாப்ரடோரைட், ஓபல் முதலிய கற்களில் வர்ணஜாலம் எவ்வாறு தோன்றுகிறது என்று ஆராய்ந்தவர். கல்லோடு பழகிய அந்த அநுபவத்தோடு அமெரிக்கா சென்று பேரழுத்த ஆராய்ச்சியில் புகுந்தார். 1970-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் அவரும் சகாக்களும் கறுப்பான சமாரியம் சல்பைடைச் சுமார் 6,500 வாயுமண்டல அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, அது பொன்னிற உலோகமாக மாறியது. ராமன் அவருக்குச் செய்த பேருபகாரம், கையில் கல்லைக் கொடுத்து, வேண்டிய அவகாசத்தையும் கொடுத்ததே என்று நான் நினைக்கிறேன்.

நம் வடதமிழ்நாட்டுக் குன்றுகளில் காணும் சார்னோகைட் பாறை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி மேலே வந்தது. அதன் நடுவே பிறந்து வளர்ந்து பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் பலர், எக்ஸ் கதிரால் படிகத்தின் அணு அடுக்கை அறிய உதவும் பிராக் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். கல்பாக்கத்தில் பேரழுத்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தூரில் எக்ஸ் கதிர் தரும் இண்டஸ்-2 ஒளிமூலத்திலும் இந்த ஆராய்ச்சிக்கு வசதி இருக்கிறது. ஆரணி, போளூர், திருவண்ணாமலைப் பக்கத்து மாணவர்களில் ஆண்டுக்கு 10 பேரையேனும் உதவித்தொகையோடு ஆறு மாதம் அந்தக் கருவிகளின் முன்னே உட்கார வைக்க மத்திய அரசும் பல்கலைக்கழகங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். பயிற்சியில் வைரம் உடையத்தான் உடையும். அதை நஷ்டக் கணக்கில் எழுதி மாணவரைக் கருவியை விட்டு விலக்காமல், கல்விச் செலவாக எழுதுங்கள் என்பதே அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்.