கோழி ரத்தத்தில் ஒரு ரகசியம்

படவேட்டில் ரேணுகாம்பாளைத் தரிசித்துவிட்டு ஜவ்வாது மலையடிவாரக் கிராமங்கள் பக்கம் போனால், வேலியோரம் குப்பையைக் கிளறும் நாட்டுக் கோழிகளைப் பார்க்கலாம். அந்தக் கோழிக்கும் நமக்கும் ரத்தத்திலேயே ஒரு வித்தியாசம் உண்டு, தெரியுமோ? நமது சிவப்பு ரத்த அணுவில் உட்கரு கிடையாது, கோழியினுடையதில் உண்டு. ஆனால் அது இழுத்துப் பூட்டிய கடை மாதிரி. உள்ளே வியாபாரம் நடப்பதில்லை!

பூட்டியது யார்? உட்கருவில் டி.என்.ஏ. என்கிற பரம்பரை நூல் இருக்கிறது. மனிதரின் ஓர் அணுவில் அதன் நீளம் சுமார் 2 மீட்டர். அது சிக்காகிவிடாமல், ஹிஸ்டோன் என்னும் புரோட்டீன் உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. 1884-இல் பெருவாத்தின் ரத்தத்திலிருந்து ஹிஸ்டோனைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் கோஸல். கோழி ரத்தத்திலோ 'எச்-5' என்று தனியாக ஒரு ஹிஸ்டோன் உண்டு. சுற்றிய நூல் அவிழாமல் இறுக்கிப் பிடிப்பது அதுதான்.

கண்ணுக்கு எட்டாத இதன் அமைப்பை எப்படி அறிவது? நறுக்கிப் பார்த்துத்தான்! கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறார்கள் அல்லவா? பப்பாளியின் பாலிலுள்ள என்ஸைம் புரோட்டீனை நறுக்கிவிடும். கணையம் தரும் டிரிப்ஸினும் அதே ஜாதிக் கத்தரிக்கோல்தான். லைஸின், ஆர்ஜினைன் என்ற இரண்டு மணிகளை அடுத்து மட்டுமே வெட்டும்.

எச்-5 என்னும் மாலையில் சுமார் 190 மணிகள். டிரிப்ஸினை அளவாக விட்டதும், தொங்கிக் கிடந்த இரு முனைகளும் துண்டு துண்டாயின. நடுவே சுமார் 80 மணிகள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை! அங்கேயும் அந்த மணிகள் உண்டுதான். இறுக மடிந்திருப்பதால் கத்தரி எளிதில் நுழையவில்லை. பதம் பார்த்து நிறுத்துவதில்தான் கெட்டிக்காரத்தனம். மிஞ்சினால் மிச்சமும் போய்விடும்.

அந்த நடுப்பகுதியைப் பாக்டீரியாவில் உண்டாக்கி, படிகமாக்கி, எக்ஸ்ரேயால் ஆராய்ந்து, 1993-இல் அதன் உருவத்தை உலகுக்குக் காட்டிய குழுவில் முதல் பெயர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுடையது. வேறோர் ஆராய்ச்சிக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

"கோழி ரத்தத்தை ஆராய்ந்து என்ன லாபம்?" என்று கேட்காதீர்கள். புற்றுநோய் கண்ட அணுவில், திறந்திருக்க வேண்டிய நூல் சில இடங்களில் மூடிக்கொள்கிறது. ஹிஸ்டோனின் பிடியைத் தளர்த்த உதவும் வோரினோஸ்டாட் என்ற மருந்து, தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்காக 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூட்டின் சூட்சுமம் தெரிந்தால்தானே சாவி செய்ய முடியும்!