பள்ளி திறக்குமுன்

ஜூன் பிறந்தால் பள்ளி திறந்துவிடும். சீருடை வாங்கும் அவசரத்தில், நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையுள்ள வீட்டார் மறக்கலாகாத வேலையொன்று உண்டு.

ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் நாம் நீட்டிய கடலை மிட்டாயை வாங்காமல், சிறுவன் ஒருவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். செருக்கென்று எண்ணி வற்புறுத்தினோம். தாய் ஓடிவந்து தடுத்தார், நாம் தலைகுனிந்தோம்.

ஆசிரியரும் இவ்வாறே அன்பினால் தவறக்கூடும். ஆகவே முதல் நாளே அவரை நேரில் கண்டு சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால், மாத்திரையை நம்பிக் காத்திராது, மருத்துவர் கற்பித்தபடி தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசியிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். தோழரின் பிறந்தநாளன்று உங்கள் பிள்ளை மட்டும் வெறுங்கையுடன் அமர்ந்திராதபடி, வீட்டில் செய்த இனிப்பை ஒரு டப்பாவில் ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.