'ஹேண்ட்மேடு'னு போட்டா போதுமா? கைவினைப் பொருள்களுக்கு ஆன்லைன் சந்தை தொடங்குவதில் என்ன சிக்கல்?

ஆன்லைனில் 'ஹேண்ட்மேடு கம்மல்' என்று தேடிப் பாருங்கள். ஒரே டிசைன், ஒரே கோணத்தில் எடுத்த ஒரே போட்டோ, பல கடைகளின் பெயரில் வந்து நிற்கும். எல்லாரும் கையால் செய்ததாகத்தான் எழுதியிருப்பார்கள். 'அப்போ நிஜமாவே கையால செய்றவங்களுக்கு மட்டும் ஒரு தளம் ஆரம்பிச்சா என்ன?' என்ற யோசனை பலருக்கும் வருவது இதனால்தான். நல்ல யோசனைதான். ஆனால் இதே யோசனையில் தொடங்கி பெரிதாக வளர்ந்த எட்ஸி நிறுவனத்தின் கதையைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

எட்ஸிக்கு என்ன ஆச்சு?

2005-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கியது எட்ஸி. விதி ரொம்ப எளிமை. விற்பவர் தானே செய்த பொருளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 வருடமாவது பழைய பொருளாகவோ, கைவினைக்கான மூலப்பொருளாகவோ இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வந்தது? நன்றாக விற்றவர்களிடம்தான். ஆர்டர் குவிந்தால் ஒருவரால் எத்தனை பை தைக்க முடியும்? 2013-ல் எட்ஸி விதியைத் தளர்த்தியது. டிசைன் உங்களுடையதாக இருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே உற்பத்தியாளரிடம் கொடுத்துச் செய்யலாம் என்றது. 2015-ல் பங்குச்சந்தைக்குப் போனது. 2017-ல் முதலீட்டாளர்கள் அழுத்தம் கொடுக்க, தலைமைச் செயல் அதிகாரி மாறினார், ஆட்குறைப்பும் நடந்தது.

அதன்பிறகு கட்டணம் ஏறியது. ஒவ்வொரு விற்பனையிலும் 3.5% எடுத்துக்கொண்டிருந்த நிறுவனம், 2018-ல் அதை 5% ஆக்கியது. 2022 ஏப்ரலில் 6.5%. அன்றைக்கே ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி ஸ்டிரைக் செய்தார்கள். கட்டணம் குறையவில்லை.

6.5% தானே என்று தோன்றலாம். அமெரிக்காவில் 20 டாலருக்கு ஒரு பொருள் விற்றால் கமிஷன் 1.30 டாலர், பட்டியலிட 0.20, பணப் பரிவர்த்தனைக்கு 0.85. மொத்தம் 2.35. எட்ஸி வெளியே கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து ஆள் வந்திருந்தால், சிறிய கடைகளுக்கு இன்னொரு 15%, அதாவது 3 டாலர். 20-ல் 5.35 போய்விட்டது. நூலும் துணியும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை!

2024 ஜூலையில் இன்னொரு மாற்றம். 'விற்பவர் செய்தது', 'விற்பவர் வடிவமைத்தது' என்று பொருள்களுக்குத் தனித்தனி முத்திரை. ஏஐ-யிடம் கேட்டு வாங்கிய படத்துக்குக்கூட இரண்டாவது வகையில் இடம் உண்டு, அதைச் சொல்லிவிட்டால் போதும். ஒருவகையில் இது நேர்மைதான். ஆனால் 2005-ல் கடை போட்டவர்கள் வந்தது இதற்காக அல்ல.

எட்ஸியை மட்டும் வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. தளத்தின் வருமானம் விற்பனை கூடினால்தான் கூடும். கையின் வேகத்துக்கோ ஒரு எல்லை இருக்கிறது. எல்லையை மீறச் சொல்லி எப்போதும் ஒரு அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வளராமலே இருந்தாலும் பிழைக்க முடியாது. 2006-ல் பெர்லினில் தொடங்கிய டாவாண்டா தளம் 2018-ல் இழுத்து மூடப்பட்டது. அதன் விற்பனையாளர்கள் போகச் சொல்லப்பட்ட இடம் எட்ஸி!

மாற்று வழி இருக்கா?

ஸ்டிரைக் செய்தவர்களில் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் ஆர்டிசன்ஸ் கோஆப்பரேட்டிவ். 2023-ல் விற்பனையைத் தொடங்கிய இந்தத் தளத்துக்கு உறுப்பினர்களே உரிமையாளர்கள். வெளி முதலீட்டாளர் இல்லாததால் 'இன்னும் வளரு' என்று நெருக்க ஆளில்லை. விளம்பரத்துக்குக் கொட்டப் பணமும் இல்லை என்பது அதன் மறுபக்கம். நமக்கு இது புதுசும் இல்லை. நெசவாளர்களின் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே வந்துவிட்டது.

நிஜமாவே கையால செஞ்சதானு எப்படித் தெரியும்?

இந்தியாவில் தொடங்குபவர்கள் இதில்தான் அதிகம் குழம்புவார்கள். நம்மிடம் முத்திரைகள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றும் சொல்வது ஒவ்வொரு விஷயம். சில்க் மார்க் என்றால் அது தூய பட்டு, அவ்வளவுதான். விசைத்தறியில் நெய்த தூய பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறி என்று சொல்வது ஹேண்ட்லூம் மார்க். புவிசார் குறியீடு, பொருள் எந்த ஊர்ப் பாரம்பரியத்தைச் சேர்ந்தது என்பதற்கானது. ஆக, ஒரு காஞ்சிபுரம் சேலையை நம்பி வாங்க மூன்றையும் பார்க்க வேண்டும். 'சில்க் மார்க் இருக்கு, அப்போ கைத்தறிதான்' என்று நினைப்பவர்கள் ஏராளம்.

முத்திரையே இல்லாத பொருள்களுக்கு? பட்டறைக்கு நேரில் போவது, வீடியோ காலில் வேலையைப் பார்ப்பது, ஒருவர் மாதத்துக்கு எத்தனை பொருள் விற்கலாம் என்று உச்சவரம்பு வைப்பது. மூன்றாவதுதான் என் பார்வையில் உருப்படியானது. போட்டோவையும் வீடியோவையும் கடன் வாங்கலாம். மாதம் 500 மண்பானையைத் தனி ஆளாகச் செய்வதாக நம்பவைப்பது கஷ்டம். ஆனால் அதிகம் விற்பவரைத் தடுக்கும் விதி, தளத்தின் கமிஷனிலும் கைவைக்கும். அதனால்தான் பெரிய தளங்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. தொடங்கும்போதே கமிஷனைக் குறைத்து, விற்பவரிடம் ஒரு சிறிய சந்தா வாங்கினால் இந்த முரண்பாடு கொஞ்சம் தணியும்.

ஜிஎஸ்டி என்ன சொல்லுது?

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால், சில நிபந்தனைகளோடு ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே அவர் பெங்களூருக்குப் பாய் அனுப்பலாம். கைவினைப் பொருள்களுக்கு அந்தச் சலுகை உண்டு. அதே பாயை, அதே வாடிக்கையாளருக்கு, ஒரு ஆன்லைன் சந்தை வழியாக விற்றால்? பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்குத் தரப்பட்ட விலக்கு, மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டும்தான்.

அதாவது, பதிவு செய்யாத பாய்க்காரருக்கு உங்கள் தளத்தைவிட அவருடைய வாட்ஸ்அப்பே லாபம். தளம் தொடங்குபவர் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். முதலில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது. அல்லது கைவினைஞர்களின் கூட்டுறவுச் சங்கத்தையோ சுய உதவிக் குழுவையோ விற்பனையாளராகச் சேர்த்து, பதிவையும் கணக்கையும் அவர்கள் பார்த்துக்கொள்ளும்படி செய்வது. இரண்டாவது வழியில் பணம் சங்கத்தின் கணக்குக்குத்தான் போகும். பாய் நெய்தவருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்பதைப் பொருளின் பக்கத்திலேயே போட தளம் தயாராக இருக்குமா?