கையடக்கக் கணினி: பதிவேடா, பாடக் கருவியா?

ஈராசிரியர் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் சந்தர்ப்பம் சில மாதங்களுக்கு முன் எனக்கு வாய்த்தது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னபோது, ஒரு சிறுமி சற்றும் தயங்காமல் 35 என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள். ஆசிரியை அதை அடிக்கவில்லை. அருகில் குந்தி அமர்ந்து, “எப்படிம்மா அஞ்சு வந்துச்சு?” என்று கேட்டார். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர்” என்றாள் குழந்தை. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கலாம் என்று எப்போதோ மனத்தில் பதிந்துவிட்ட விதியை அவள் விசுவாசத்தோடு அனுஷ்டித்திருக்கிறாள் என்பது அந்த ஒரு பதிலில் வெளிப்பட்டுவிட்டது.

ஆசிரியை தம் டேப்லெட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். திரையில் ஐந்து குச்சிக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் இருந்தன. ஒரு கட்டின் மேல் குழந்தையின் விரல் பட்டதும் அது அவிழ்ந்து பத்துக் குச்சிகளாகச் சிதறிற்று. அவள் ‘ஐயோ’ என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு பன்னிரண்டிலிருந்து ஏழை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். இருமுறை அவ்வாறு செய்த பின், ஆசிரியை கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, ரப்பர் வளையம் போட்ட ஈர்க்குக் கட்டுகளைக் கொடுத்து, 61இலிருந்து 34ஐக் கழிக்கச் சொன்னார். யாரும் சொல்லாமலே அவள் ஒரு வளையத்தைக் கழற்றினாள்.

இந்தக் காட்சியில் டேப்லெட்டுக்குரிய பங்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் இல்லை என்றாலும், அந்த ஐந்து நிமிஷம் இன்றியமையாதது என்பதே என் அபிப்பிராயம். கரும்பலகையில் வரைந்த குச்சி அவிழாது. பாடநூலின் படம் விரலுக்கு அசையாது. ஆனால் எந்தக் குழந்தைக்கு, எந்தத் தவறுக்கு, எந்தக் கணத்தில் அந்தத் திரையைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று நிர்ணயித்தது ஆசிரியையின் காது. ‘ஊடாடும் கற்பித்தல்’ என்று நாம் இப்போது பெருமையாகச் சொல்லும் காரியத்தின் ஜீவன் அங்கேதான் இருக்கிறது.

கொரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிற்கும் படியிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்ற உத்தமமான கொள்கையை ஏற்றது. 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணிகளும் நாடியதும் இதையேதான். அந்த வழியின் தொடர்ச்சியாக, 2024இல் சுமார் 80,000 அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், கையடக்கக் கணினிகள் வழங்கப்படலாயின. மாணவர் கையில் தராமல் ஆசிரியர் கையில் தந்தது விவேகமான முடிவு என்றே கருதுகிறேன்.

மாணவர் கையில் தந்தவர்களின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகள், ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஐபேடு என்று 2013இல் ஆரம்பித்த பெருந்திட்டத்தில், மாணவர் சிலர் சில வாரங்களிலேயே பாதுகாப்புத் தடைகளை விலக்கிவிட்டனர். பாடங்கள் முழுமை பெறாமலே கருவிகள் வகுப்புக்கு வந்துவிட்டன. அடுத்த ஆண்டே ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அதற்கு மாறாக, டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிப் பயிற்சியைப் பரிசோதித்த பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரன் முதலியோர், நாலரை மாதத்துக்குள் கணிதத்திலும் ஹிந்தியிலும் கணிசமான முன்னேற்றத்தைக் கண்டனர். அந்த மாணவரில் பலர் தம் வகுப்புப் பாடத்துக்குப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தார்கள்; மென்பொருள் அவர்களுடைய உண்மையான நிலையை அறிந்து அங்கிருந்து வினாத் தொடுத்தது; கூடவே சிறு குழுக்களாக ஒரு பயிற்றுநரும் கற்பித்தார். இரண்டு ஊர்களிலும் கருவி இருந்தது. குழந்தை நிற்கும் இடத்தை அறியும் ஏற்பாடு டெல்லியில்தான் இருந்தது.

நம்முடைய வகுப்பறைகளில் அந்த ஏற்பாட்டை எது கெடுக்கிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால், பெரும்பாலோர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: எமிஸ், அதாவது பள்ளி விவரங்களை ஏற்றும் கல்வித் துறையின் இணையப் பதிவு முறை. வருகைப்பதிவு, நலத்திட்ட விவரம், மதிப்பீட்டுப் பதிவேற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் பதிவுகளைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றன. புள்ளிவிவரம் இல்லாமல் நிர்வாகம் நடவாது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், நான் பார்த்த பள்ளியில் அன்று மதியம் சத்துணவுக்குப் பின், காலையில் குச்சிக் கட்டு அவிழ்ந்த அதே திரையை நெட்வொர்க் கிடைக்கும் வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியை நின்றிருந்தபோது, இரண்டு வகுப்புக் குழந்தைகள் தாமாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, கல்வித் துறைக்கு ஒரு விண்ணப்பம். பாடவேளை நடக்கும் நேரத்தில் எந்தப் பதிவேற்றத்தையும் ஆசிரியரிடம் கேட்பதில்லை என்று ஓர் ஆணை பிறப்பியுங்கள். தொடக்கப்பள்ளிகளின் பதிவுகளைக் கவனிக்க, அருகிலுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியாளரையாவது நியமியுங்கள். இணையம் இல்லாத வேளையிலும் இயங்கும்படி பாடங்களைக் கருவியிலேயே பதித்துக் கொடுங்கள்.