பெயரளவில் பலாத்தோட்டம்

மும்பைத் தமிழர்களில் பனஸ்வாடி பெருமாள் கோவிலுக்கு ஒருமுறையாவது போகாதவர்கள் குறைவு. 'பனஸ்' என்றால் மராத்தியில் பலா. 'வாடி' என்றால் தோட்டம். அந்தத் தெருவில் இன்று பலாச்சுளை வேண்டுமானால் தள்ளுவண்டிக்காரரிடம்தான் வாங்கவேண்டும். அதே கிர்காவில் கேளேவாடி இருக்கிறது, அதாவது வாழைத்தோட்டம். ஆம்பேவாடி இருக்கிறது, அது மாந்தோட்டம். ரெயிலில் வடக்கே போனால் சிஞ்ச்போக்ளி வருகிறது. 'சிஞ்ச்' என்பது புளி. போரிவ்லியின் பெயரில் இருப்பது இலந்தை என்கிறார்கள். தார்தேவைப் பனையோடு சேர்த்துச் சொல்வார்கள். தின்னத் தந்த மரங்களின் பெயரால் அறியப்பட்ட ஊர் இது. இப்போது பெயர்ப்பலகைகளில்தான் அந்த மரங்களைப் பார்க்கமுடிகிறது.

மும்பை ஒரு தீவு என்பதை அன்றாட அவசரத்தில் நாம் மறந்துவிடுகிறோம். 1661-ல் போர்த்துகீசியர் தங்கள் இளவரசியின் சீதனமாக இதை ஆங்கில மன்னருக்குக் கொடுத்தபோது தெற்கே ஏழு சிறு தீவுகள் இருந்தன. 1668-ல் ஆண்டுக்கு 10 பவுன் வாடகையில் அவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நடுவிலிருந்த கடலைத் தூர்த்து ஒன்றாக்கி, வடக்கேயுள்ள சால்செட் தீவோடும் பின்னர் இணைத்தார்கள். கொலாபா முதல் தஹிசர், முலுண்ட் வரை குடியிருக்கும் நாம் எல்லோரும் கடலும் கழியும் சூழ்ந்த நிலத்தில்தான் இருக்கிறோம். அரிசி, பால், காய், கனி யாவும் பாலம் தாண்டி வரவேண்டியவை. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியபோது ரெயிலும் நின்றது, சாலையும் நின்றது. 2020-ல் தொற்றுநோயின்போது வாஷி மொத்த மார்க்கெட்டைச் சில நாட்கள் மூடவேண்டி வந்தது. அப்போது ஒரு கட்டுக் கீரைக்கும் இரண்டு எலுமிச்சம்பழத்திற்கும் அலைந்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர்.

ஆகவே, இந்தத் தீவிலுள்ள பொது நிலங்களில் மக்கள் சேர்ந்து உண்ணத்தக்க மரங்களையும் செடிகொடிகளையும் வளர்க்கவேண்டும், அதற்கு மாநகராட்சி இடம் தரவேண்டும் என்ற யோசனையை நாம் ஆதரிக்கிறோம். 'உணவுக் காடு' என்று இதற்கு இப்போது பெயர் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், மிகைப்படுத்திப் பேசுவதில் பயனில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே இந்நகரில் 1 கோடியே 24 லட்சம் பேர் இருந்தார்கள். தோப்பு வைத்து இத்தனை பேருக்கும் சோறு போடமுடியாது. அரிசியும் கோதுமையும் ரேஷனில் வருகின்றன. ஏழைக் குடும்பத்தின் தட்டில் குறைவது கீரையும் முருங்கைக்காயும் பழமும்தான். விலை ஏறினால் முதலில் நிறுத்தப்படுவதும் அவைதான். அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கக்கூடிய வழி இது.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று யாரும் மயங்கவேண்டாம். வசாய், உத்தன், கோராய் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு 'வாடி' எப்படி இருக்கும் என்று தெரியும். உயரே தென்னை, அடுத்துக் கமுகு, அதைப் பற்றி ஏறும் வெற்றிலைக்கொடி, அதற்குக் கீழே வாழை, நிழலில் சேம்பு. ஒரே துண்டு நிலத்தில் விழும் வெயிலை எல்லாச் செடிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. குமரி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊரில் வீட்டைச் சுற்றியுள்ள விளையை நினைத்துக்கொண்டால் போதும். பலாமரத்தில் மிளகு ஏறியிருக்கும். அடியில் சேனையும் மஞ்சளும் கிடக்கும்.

மும்பையின் பருவநிலைக்கு இந்த முறை பொருந்தக் காரணமும் உண்டு. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்கிற மழை, ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மற்ற எட்டு மாதமும் வறட்சி. கீரைப்பாத்திக்கு அன்றாடம் தண்ணீர் வேண்டும். பலா, மா, நாவல் போன்றவை இரண்டு மூன்று கோடையைத் தாண்டி வேரோடிவிட்டால் பிறகு தாமே பார்த்துக்கொள்ளும். உதிரும் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் அடியிலேயே போட்டுவைத்தால் மண்ணின் ஈரமும் நிற்கும்.

தண்டவாளத்தின் ஓரமாகப் பாலக்கும் வெண்டையும் முள்ளங்கியும் பயிரானதை லோக்கல் ரெயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதிக உணவு உற்பத்தித் திட்டத்தின் பெயரால் ரெயில்வே நிலத்தை ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விட்டு வந்த ஏற்பாடு அது. அண்மை ஆண்டுகளில் அதற்கு முற்றுப்புள்ளி வைக்க ரெயில்வே முனைந்திருக்கிறது. சாக்கடை நீர் பாய்ச்சுகிறார்கள் என்பதே முக்கியமான புகார். புகார் உண்மைதான். ரெயில்வேயில் வேலை பார்க்கும் நாமே அந்தக் கீரையை வாங்கத் தயங்கியதுண்டு. நிலம் பொதுவாகவும் விளைச்சல் தனி ஆளுடையதாகவும் இருந்ததால், குறைந்த நாளில் அதிகம் எடுக்கவேண்டும் என்ற அவசரம் ஏற்பட்டது. நாளை நிலம் கையில் இருக்குமோ இராதோ என்று இருப்பவர் பலாக்கன்று நடுவாரா?

மறுபக்கம் மாநகராட்சி மரமே நடவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2020 முதல் 'மியாவாக்கி' என்ற ஜப்பானிய முறையில் பல இடங்களில் நெருக்கமாக மரம் நட்டு அடர்ந்த சோலைகளை உண்டாக்கியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வேலிக்குள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தாராவியை ஒட்டியுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா எல்லோரும் அறிந்தது. ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிவந்த 37 ஏக்கர் நிலம், மக்கள் உழைப்பாலும் நிபுணர்கள் யோசனையாலும் 1994-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேட்டில் காடு வளரும் என்பதற்கு தாராவித் தமிழர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். துறைமுகக் கழகத்தின் ஊழியர் சமையற்கூடத்தில் 2002-ல் இன்னொரு காரியம் தொடங்கியது. சமையற் கழிவை எருவாக்கி, சுமார் 3,000 சதுர அடி மொட்டைமாடியில் காய்கறிகளோடு பழமரங்களையும் வளர்த்தார்கள். மாடியில் முடிந்தது தரையில் முடியாதா?

அதிகாரிகள் சொல்லும் ஆட்சேபங்கள் நமக்குத் தெரியும். தேங்காய் தலையில் விழும், பழத்திற்காக மரமேறிப் பையன்கள் கை காலை முறித்துக்கொள்வார்கள், அடிதடி வரும். இவற்றை நாம் அலட்சியப்படுத்தவில்லை. அடிதடி வரும் என்பதற்கு நாம் அறிந்த ஒரு குடியிருப்பே உதாரணம். கீழ்வீட்டு அம்மாள் நட்ட முருங்கை, இரண்டாம் மாடி ஜன்னலுக்கு எதிரே காய்த்தது. தண்ணீர் ஊற்றியது கீழ்வீடு. கைக்கு எட்டியது மேல்வீட்டுக்கு. மூன்று பொதுக்கூட்டங்களில் இந்த முருங்கைக்காயைத் தவிர வேறு எதுவும் பேசப்படவில்லை. கடைசியில் கம்பளிப்பூச்சி வருகிறது என்று காரணம் எழுதி மரத்தை வெட்டிவிட்டார்கள். இன்று இரு வீட்டாரும் ஒரே கடையில் அதே காயை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பறிப்பவர் யார், எந்தக் கிழமை, மிஞ்சியதை எப்படிப் பங்கிடுவது என்று நடுவதற்கு முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்திட்டிருந்தால் அந்த முருங்கை இன்னும் நின்றிருக்கும். நடைபாதையின் மேலே தென்னையும், எளிதில் ஒடியும் முருங்கையும் வேண்டாம். உள்ளே தள்ளி நடலாம். மரம் வெட்டுவதற்கு 1975-ம் ஆண்டுச் சட்டப்படி மர ஆணையத்தின் அனுமதி வேண்டும். அது நல்ல சட்டம். ஆனால் கிளை கழிப்பதற்கும் மனுப் போட்டுக் காத்திருக்க நேருமோ என்று அஞ்சி, மரமே வேண்டாம் என்று இருக்கும் சொசைட்டிகள் பல. பொதுத்தோப்பு என்று பதிவான இடத்தில் ஆண்டுதோறும் கவாத்து செய்ய முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி தரவேண்டும். பராமரிப்புப் பொறுப்பைக் குறைந்தது 10 ஆண்டுக்காவது அப்பகுதி மக்களின் சங்கத்திடம் கொடுக்கவேண்டும். 11 மாத ஒப்பந்தத்தில் வாழை வைக்கலாம், பலா வைக்கமுடியாது.

மண்ணையும் சோதித்தாகவேண்டும். கட்டட இடிபாடும் ஆலைக்கழிவும் கொட்டிய நிலம் இந்நகரில் அதிகம். ஈயம் போன்ற நஞ்சுகள் கீரையிலும் கிழங்கிலும் சேருகிற அளவுக்கு மரத்தின் பழத்தில் பொதுவாகச் சேருவதில்லை. ஆதலால் சந்தேகமான இடங்களில் மரத்தோடு நிறுத்திக்கொண்டு, கீரையை வேறு மண் நிரப்பிய தொட்டிகளில் போடலாம். சாக்கடை நீர் எக்காரணம் கொண்டும் கூடாது.

தாராவியைத் திருத்தி அமைக்கும் வேலையில் வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்ற பேச்சு காதில் விழுகிறது. கட்டடங்களுக்கு நடுவே விடப்படும் திறந்தவெளியில் என்ன நடப்போகிறார்கள் என்று கேட்பவரைக் காணோம். குல்மோஹருக்குப் பதிலாக நாவலும் பலாவும் அங்கே நிற்கட்டும் என்று இப்போதே எழுதிக் கேட்கவேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் கார் நிறுத்த இடம் போதவில்லை என்பார்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் எங்கும் தமிழர் அமைப்புகள் உண்டு. ஆண்டுவிழாவுக்கும் பட்டிமன்றத்திற்கும் குறைவில்லை. பொங்கலுக்கு மஞ்சள்கொத்தும் வாழையிலையும் சொன்ன விலைக்கு வாங்குகிறோம். ஜூனில் மஞ்சள் கிழங்கை ஊன்றினால் ஜனவரியில் கொத்தாகப் பிடுங்கலாம். வாழையும் பப்பாளியும் ஏறக்குறைய ஓராண்டில் பலன் தரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை ஆறு ஏழு மாதத்தில் காய்க்கும். ஒட்டுப்பலாவுக்கு மூன்று நான்கு ஆண்டு பொறுக்கவேண்டும். அதுவரை கோடையில் முறைவைத்துக் குடம் சுமப்பதற்கு, தெருவில் உள்ள மராத்தியர், குஜராத்தியர், உத்தரப்பிரதேசத்தார் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். தமிழர் தோப்பு என்று பலகை மாட்டினால் அதை நாம் மட்டுமே காவல் காக்கவேண்டியிருக்கும்.

வார்டு அலுவலகத்தில் தோட்டத்துறைக்கு மனுக் கொடுக்க மார்ச் மாதத்தைத் தாண்டவிடக்கூடாது. ஏப்ரலில் மண் சோதனையை முடித்து, மே மாதம் குழி வெட்டி எருப்போட்டு ஆறவிட்டால், ஜூனில் முதல் மழைக்குக் கன்றை இறக்கிவிடலாம். இதில் ஒரு மாதம் தவறினாலும் அந்த ஆண்டு தவறியது போலத்தான். அக்டோபர் வெயிலில் நட்ட கன்று தேறுவது அரிது.