புகுமுக வகுப்பு எங்கே போயிற்று?

"நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கு யார் வழிகாட்டினார்கள்? ஊரிலிருந்து ரெயிலேறி எழும்பூரில் இறங்கினோம், தட்டுத்தடுமாறிப் படித்தோம், பட்டமும் பெற்றோம். இக்காலப் பிள்ளைகளுக்கு மட்டும் கைபிடித்து நடத்த ஆள் வேண்டுமோ?"

கல்லூரியில் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், நமது சமுதாயப் பெரியோர்களில் ஒருவர் எழுந்து இவ்வாறு கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் பெரும்பாலும் கல்வி அறக்கட்டளையொன்றில் பொறுப்பு வகிப்பவர். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். கேள்வியில் கம்பீரம் இருக்கிறது. உண்மைதான் இல்லை.

1978-க்கு முன்னர் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் கல்லூரிக்கு வந்ததும் நேரே பி.ஏ. வகுப்பிலோ பி.எஸ்ஸி. வகுப்பிலோ போய் உட்கார்ந்தாரா? இல்லை. பி.யூ.சி. என்று நாம் அழைத்த புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தார். அது கல்லூரிக்குள்ளேயே நடந்த வகுப்பு. அதே விரிவுரையாளர்கள், அதே நூலகம், அதே விடுதி. ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் நின்று பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் செவி பழகிற்று. கேட்டதைக் குறிப்பெடுக்கக் கை பழகிற்று. எந்த பஸ் எங்கே போகிறது, விடுதிச் சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்பன போன்ற சில்லறைத் தொல்லைகளெல்லாம் அந்த ஓராண்டிலேயே தீர்ந்தன. அதன் பிறகே பட்ட வகுப்பு. ஆக, யார் உதவியும் இன்றிப் படித்ததாகச் சொல்லும் பெரியவர்கள், ஓராண்டு முழுவதும் கரையோரம் நீந்திப் பழகிவிட்டு ஆற்றில் இறங்கியவர்கள். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. கரையோரத்தை அவர்கள் மறந்துவிட்டதைத்தான் சொல்கிறோம்.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் இருந்த ஓராண்டு, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளாகப் பள்ளிக்கூடத்திற்குப் போயிற்று. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. சிற்றூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே பன்னிரண்டு வரை படிக்க முடிந்தது. பெண் மக்களுக்கு அது பெரும் பேறு. புகுமுக வகுப்பிலேயே தோற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களும் அக்காலத்தில் பலர் உண்டு. எனவே பழைய முறை திரும்ப வேண்டும் என்பது நமது வாதமன்று. பாலம் ஒன்று எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் வேறொன்று கட்டப்படவில்லை. இதுவே நமது வாதம்.

இன்று கீழக்கரையிலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்னைக்கு வரும் பிள்ளையின் நிலை என்ன? சேர்க்கையெல்லாம் முடிந்து வகுப்பில் அமர ஜூலை ஆகிவிடுகிறது. நவம்பரில் பருவத் தேர்வு. கையில் இருப்பது நான்கு மாதங்கள். முதல் நாளே முழு வேகத்தில் ஆங்கிலத்தில் பாடம். சென்னைப் பல்கலைக்கழக முறைப்படி ஒரு தாளுக்கு 100 மதிப்பெண் என்றால், அதில் 25 அகமதிப்பீட்டுக்கு உரியது. தேர்வு நவம்பரில்தானே என்று பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்த 25 கரையத் தொடங்கிவிடுகிறது. வருகைப் பதிவு நூற்றுக்கு 75 இருக்க வேண்டும் என்ற விதியும், அது குறைந்த பிறகே பலருக்குத் தெரிய வருகிறது. முதற் பருவத்தில் இரண்டு 'அரியர்', அடுத்த பருவத்தில் நான்கு. பிறகு, "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்ற தீர்ப்பு வீட்டிலேயே வழங்கப்பட்டுவிடுகிறது. பர்மா பஜாரிலோ துபாயிலோ இருக்கும் மாமாவுக்குச் செய்தி போகிறது.

படிப்பு ஏறவில்லையா, ஏறுவதற்குப் படி இல்லையா?

கல்லூரி வாசலைத் திறப்பதற்கு நமது முன்னோர் பட்ட பாட்டை நாம் அறியாதவர்கள் அல்லர். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-இல் இராயப்பேட்டையில் நியூ காலேஜைத் தோற்றுவித்தது. நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955-இல் தேனாம்பேட்டையில் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவியபோது எத்தனை வீடுகளில் முணுமுணுப்பு எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அண்ணா சாலையில் காயிதே மில்லத் பெயரால் அரசு மகளிர் கல்லூரி நடைபெறுகிறது. 2007-இல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை அரசு 2022-இல் மாணவியருக்கும் 2024-இல் மாணவருக்கும் தொடங்கியது. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும், கடற்கரையோர இராணி மேரிக் கல்லூரியிலும், நந்தனம் அரசு கலைக் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். வாசல்கள் திறந்துவிட்டன. உள்ளே நுழைந்த பிள்ளையை முதல் நான்கு மாதங்களில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

புகுமுக விழா நடத்துகிறோமே என்பார்கள். நடத்துகிறார்கள்தாம். கிராஅத், வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, 'நீங்கள் நாளைய தலைவர்கள்' என்று முக்கால் மணி நேரம் ஓர் உரை. மறுநாள் முதல் மணிக்கு வகுப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்னும் பெயரில் புகுமுகப் பயிற்சிக்கென ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. நன்று. ஆயினும், முதல் வாரத்தில் பிள்ளைக்குத் தன் ஐயம் இன்னதென்றே தெரியாது. ஐயம் பிறப்பது ஆறாவது வாரத்தில், முதல் அகத்தேர்வுத் தாள் கைக்கு வந்த பிறகு. அப்போது பந்தலைப் பிரித்து நெடுநாள் ஆகியிருக்கும்.

பெற்றோரையும் விடுவதற்கில்லை. கட்டணம் கட்டியதோடு கடமை தீர்ந்ததாக எண்ணும் தகப்பனார், ஊரில் நடக்கும் ஒவ்வொரு நிக்காஹ்வுக்கும் மகனை வரவழைக்கிறார். ஒரு கல்யாணத்திற்கு நான்கு வகுப்பு நாட்கள் போகும் என்று அவர் கணக்கிடுவதே இல்லை. மகளின் நிலை இன்னும் கடினம். தேர்வு வாரம் பார்த்துத்தானா பெண் பார்க்க வர வேண்டும்? அவள் முதற் பருவத்தில் ஒரு தாளில் தவறினால் போதும். "இனி எதற்குப் படிப்பு" என்பதற்கு அது சாட்சியமாகிவிடுகிறது. மகன் தவறினால் மறுமுறை எழுதுகிறான். மகளுக்கு அந்த மறுமுறை கிடைப்பதில்லை.

வறுமை, அடிப்படைப் பயிற்சிக் குறைவு, ஊக்கமின்மை, வீட்டில் படித்தவர் இன்மை என்று இத்தோல்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் நான்கு. இதே நான்கையும் 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் கேட்டார். அங்கே முதலாண்டுக் கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தவறி வந்தார்கள். அவர் ஆசிரியர்கள் சொன்ன காரணங்களோடு நின்றுவிடாமல், மாணவர்களுடனேயே பல மாதங்கள் இருந்து பார்த்தார். நான்கு காரணங்களும் நிற்கவில்லை. அந்த மாணவர்கள் உழைத்தார்கள். வீட்டாரும் துணை நின்றார்கள். ஆனால் அவர்கள் தனித்தனியே படித்தார்கள். அதே வகுப்பில் நன்கு தேறிய சீன வழி மாணவர்களோ, தனியே படித்தபின் ஒன்றுகூடி ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள். தேர்வில் என்ன கேட்பார்கள், எங்கே வழுக்கும் என்பதைத் தமக்குள் பேசித் தெளிந்தார்கள். ட்ரைஸ்மன் 'பின்தங்கியோர் வகுப்பு' நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் செய்தார். தவறிக்கொண்டிருந்தவர்கள் தேறினார்கள்.

இதை நாம் பெர்க்லியிலிருந்துதான் கற்க வேண்டுமா? அரபி மதரஸாக்களில் உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவர்கள் கூடியமர்ந்து ஒருவருக்கொருவர் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதற்குத் 'தக்ரார்' என்று பெயர். காலங்காலமாக இருந்துவரும் வழக்கம். மதரஸாவில் ஓதும் தம்பிக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, கல்லூரியில் வணிகவியல் படிக்கும் அண்ணனுக்குக் கிடையாது. அவன் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தனியே ஒரு 'கைடு' நூலை மனனம் செய்துகொண்டிருக்கிறான்.

நாம் கேட்பது பெரிதன்று. தேறிய இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு ஐந்து முதலாண்டு மாணவர்கள். வாரத்தில் இரு மாலைகள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே. ஜூலையிலிருந்து நவம்பர் வரை. பாடத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மாணவியருக்கு அவர்கள் கல்லூரி வளாகத்திலேயே, வீடு திரும்பும் நேரம் கெடாதபடி. கற்றுக்கொடுக்கும் மூத்த மாணவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை. அவரும் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார்.

இடம்? இராயப்பேட்டை முதல் அடையாறு வரை மேல்மாடி உள்ள பள்ளிவாசல்கள் எத்தனை! ஜமாஅத் நிர்வாகிகள் சாவியைக் கொடுத்தால் போதும். பணம்? அடுத்த கல்லூரிக் கட்டிடத்திற்கு முகப்பில் பளிங்கு பதிக்க ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும். கட்டிடத்திற்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வருகிறது, பிள்ளைகளுக்குத் தேநீரும் தாளும் வாங்கிக் கொடுத்தால் எங்கே வரும் என்று கொடையாளர் தயங்கக்கூடும். அந்த மாடிப்படிக் கதவில் அவர் பெயரை எழுதிக்கொள்ளட்டும். நமக்கு ஆட்சேபமில்லை.