பனிக்காலப் படமும் சட்டத்தின் விளிம்பும்

விழா மலருக்குத் தமிழ் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்திருந்தனர். யாம் எழுதப் புகுந்ததோ நிழற்படம் பற்றி. எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர்கள் இதனைக் கண்டு நகைக்கக்கூடும். நகைக்கட்டும். எமது கருத்து அவ்வளவு தமிழுக்குப் புறம்பானதன்று என்பதைப் போகப் போகக் காண்பர்.

பல்லேபொலையில் எமது பாடசாலை மாணவரிடம் ‘குளிர்காலம்’ என்றோர் ஓவியம் வரைக என்றால், பத்தில் எட்டுப் பிள்ளைகள் வெண்பனி மூடிய கூரையும் ஊசியிலை மரமும் வரைவர். நாட்காட்டிகள் கற்பித்த பாடம் அது. இலங்கையில் வெண்பனி பெய்வதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் தை, மாசி மாதங்களிற் சில விடியல்களில் உறைபனி புல்லின்மேற் படிந்து, தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிச் செல்வதோடு சரி. ஆயினும் நமக்குப் பனிக்காலம் இல்லையா? மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பெயரிட்டு வைத்தவர் நம் முன்னோரே. முன்பனியைக் குறிஞ்சிக்கும் பின்பனியைப் பாலைக்கும் உரியதாக்கியது தொல்காப்பியம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் எழுந்து கிழக்கே நோக்குவார்க்கு, நக்கிள்ஸ் மலைத்தொடர் பனிமூட்டத்துள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளுத்து மறையும் காட்சியைக் காட்டிலும் வேறு குளிர்காலம் வேண்டுவதில்லை.

அக்காட்சியைப் படமாக்குவதில் நம்மவர் செய்யும் பிழை இரண்டு. முதற்பிழை கருவி பற்றியது, எளிதில் திருத்தக்கூடியது. கமராவானாலும் கைத்தொலைபேசியானாலும் தன்முன் உள்ள ஒளியைச் சராசரியான சாம்பல் நிறத்துக்கு இணக்கவே முயலும். ஆதலால் வெண்ணிற மூடுபனி படத்தில் அழுக்கு நீர் போலக் கறுத்து விழுகிறது. கருவி கூறுவதினும் ஏறத்தாழ ஒரு படி கூடுதலாக ஒளியை உட்புகவிடல் வேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையைத் தொட்டதும் பெரும்பாலும் சூரியக் குறியொன்று தோன்றும். அதனைச் சற்று மேலே நகர்த்தினாற் போதும். இன்னொன்று: மூடுபனி தூரத்தை விழுங்கிவிடும். எனவே அண்மையிலே கருமையாய் ஏதேனுமொன்று, ஒரு பலாக்கிளையோ வேலிக்கம்போ, இருந்தாலன்றி அப்பாலுள்ள மலை மலையாகத் தோன்றாது. அண்மை கருத்தும் சேய்மை வெளுத்தும் அடுக்கடுக்காய் அமைவதே பனிக்காலப் படத்துக்கு ஆழம் தருவது.

இரண்டாம் பிழை அத்துணை எளிதன்று. அதனை யாமே செய்தோம்.

சில ஆண்டுகளின் முன் மார்கழி விடுமுறையில், இறத்தோட்டைக்கு மேலே தோட்டப் பாடசாலையிற் கற்பிக்கும் நண்பரொருவர் இல்லத்தில் தங்கினோம். விடிந்தும் விடியாத பொழுதில் தோட்டத்துப் பாதையில் நின்று மலையைப் படம் பிடித்தோம். காட்சியின் நடுவே லயமொன்றின் தகரக் கூரை துருத்திக்கொண்டு நின்றது. இடப்புறம் இரண்டெட்டு நகர்ந்தோம்; ஒரு மரம் அதனை மறைத்துக்கொண்டது. மலை, மூட்டம், மரம். படம் மிக அழகாய் அமைந்ததென்று மகிழ்ந்தோம். மாலையில் நண்பரிடம் பாடம் கேட்க வந்த ஒன்பதாந்தரச் சிறுவனுக்கு அதனைக் காட்டினோம். நெடுநேரம் உற்று நோக்கினான். பின்பு, “சேர், எங்க லயம் எங்க?” என்றான்.

விடை கூற எம்மால் இயலவில்லை. அவன் குறைகூறவில்லை, தன் வீட்டைத் தேடினான், அவ்வளவே.

நிலக்காட்சிப் படத்தின் அமைப்பு என்றதும் சட்டத்தை மூன்றாகப் பகு, அடிவானத்தை நடுவில் வையாதே, பாதையொன்று கண்ணை உள்ளே இட்டுச் செல்லட்டும் என்பர். நல்ல விதிகளே, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு முன் தீர்க்க வேண்டியது, சட்டத்தின் விளிம்பு யாரை வெளியே நிறுத்துகிறது என்பது. நம் இலக்கணம் நிலத்தைப் பாட முதல், கரு, உரி என மூன்று கேட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவும் விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் நெஞ்சத்து ஒழுக்கம் உரிப்பொருள். நெடுநல்வாடை 188 அடிகளிற் குளிரைக் காட்டுகிறது. ஆயினும் நக்கீரர் மழையையும் வாடையையும் மட்டும் காட்டி நின்றாரல்லர். நெருப்பிலே கைகாய்த்தும் நடுங்கும் கோவலரையும், குளிரிற் குறுகிய மந்தியையும், கன்றை உதைத்துத் தள்ளும் கறவையையும் காட்டினார். அக்குளிரை நாம் உணர்வது அவ்வுயிர்களின் வழியேதான். எமது படத்தில் முதற்பொருள் மட்டுமே இருந்தது.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1866இல் சாமுவேல் போர்ண் என்னும் ஆங்கிலேயர் இமயத்தில் 18,600 அடி உயரமான மணிருங் கணவாயிற் படம் பிடித்தார். கண்ணாடித் தட்டின் ஈரம் காயுமுன் படம் பிடித்துக் கழுவ வேண்டிய காலம். தட்டுகளையும் மருந்துகளையும் இருட்டுக் கூடாரத்தையும் அவ்வுயரத்துக்குச் சுமந்தவர் மலைநாட்டுச் சுமையாளர். படம் இன்றும் போர்ண் பெயரால் நிற்கிறது. யப்பானில் ஹமாயா ஹிரோஷி மறுவழி சென்றார். 1940 முதல் நீகாத்தா மாநிலத்தின் மலைக்கிராமங்களுக்குப் பல குளிர்காலங்களிற் சென்று, வெண்பனிக்கிடையே புத்தாண்டுச் சடங்கு செய்யும் சிறுவரையும் உழவரையும் படம் பிடித்து, 1956இல் ‘பனிநாடு’ என்னும் பொருள்படும் பெயரில் நூலாக்கினார். அங்கே வெண்பனி அழகுக்காக இல்லை; அது மாந்தர் வாழும் இடம். நம் நாட்டு லயனல் வென்ற் 1944இல் மறைந்தார்; அவருடைய இலங்கைப் படங்கள் 1950இல் நூலாயின. அவரும் நிலத்தை மனிதரிடமிருந்து பிரித்தாரல்லர்.

மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு, கோப்பித் தோட்டங்களை நாடி 19ஆம் நூற்றாண்டில் மக்கள் நடந்து வந்த வடக்குப் பாதை எமது பல்லேபொலைக்குக் கிழக்கே அணித்தாகவே செல்கிறது. வழியில் மாண்டோர் பலர். காட்டை வெட்டி அம்மலைச் சரிவுகளை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தவர் அவரும் அவர் வழிவந்தோரும். ‘இயற்கைக் காட்சி’ என்று நாம் படம் பிடிக்கும் அப்பசுஞ்சரிவு அவர்தம் கைவேலை. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை நிறத்துக்காக ஓரத்தில் நிறுத்துவதும் இதற்கு ஈடாகாது. அவளை அப்படி நிறுத்துவதினும் விடுவதே மேல் என்பது எமது துணிபு. சுற்றுலா அட்டைகள் அவ்வேலையைப் போதுமான அளவு செய்துவிட்டன.

மறுநாள் விடியலில் அச்சிறுவனும் எம்முடன் வந்தான். தாயாரின் கைத்தொலைபேசி அவன் கையில் இருந்தது. யாம் நின்ற இடத்தில் அவன் நிற்கவில்லை. வலப்புறம் பத்தடி கீழிறங்கி, லயத்தின் கூரை அண்மையிற் கருத்து நிற்கவும் அடுப்புப் புகை மூட்டத்தோடு கலக்கவும் மலை அதற்குமேல் வெளுத்துத் தோன்றவும் படம் பிடித்தான். ஆழத்துக்கு யாம் தேடிய கருமை அக்கூரையே என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று. படம் சற்றே இருண்டிருந்தது. சூரியக் குறியை மேலே நகர்த்தக் காட்டிக் கொடுத்தோம். அதற்குள் வெயில் ஏறி மூட்டம் கலைந்துவிட, “நாளைக்கு வெள்ளனவே வாங்க சேர்” என்று கூறி ஓடிவிட்டான்.